உச்ச இரத்த அழுத்தமும் அவசரச் சிகிச்சையும்: ஒரு பொருளாதாரப் பார்வை

மருத்துவமனையின் அவசரச் சிகிச்சைப் பிரிவுக்குக் கொண்டுவரப்படும் நோயாளிகளுள் ஒரு சாராரைத் திட்டமிடுவோர் தனியே கவனிக்க வேண்டியுள்ளது. சாலை விபத்தில் அடிபட்டவரும், பாம்பு தீண்டியவரும் சில மணி நேரத்திற்கு முன்வரை நலமாக இருந்தவர்கள். அவர்களுக்கு நேர்ந்ததை முன்கூட்டி அறிந்திருக்க இயலாது. ஆனால், இரத்த அழுத்தம் எல்லை மீறி ஏறிய நிலையில் மூச்சுத் திணறியோ, நினைவு தடுமாறியோ, ஒரு பக்கம் கைகால் செயலிழந்தோ வருபவரின் நோய் பெரும்பாலும் பல ஆண்டுகள் பழையது. அந்நோயைக் கண்டறிய ஒரு கைப்பட்டையும் ஐந்து நிமிடமும் போதும். அதனைக் கட்டுப்படுத்தும் மாத்திரைகள் நம் நாட்டிலேயே பெருமளவில் உற்பத்தியாகின்றன. ஆகவே, அவர் அவசரப் பிரிவுக்கு வந்து சேர்ந்ததை மருத்துவர் ஒரு நோயின் வருகையாகக் காண்பார். பொருளாதாரம் பயின்றவர் ஒரு வழங்கல் அமைப்பின் தோல்வியாகவும் அதைக் காண வேண்டும்.

எது அவசரம்?

மேல் அழுத்தம் 180, கீழ் அழுத்தம் 120 மில்லிமீட்டர் பாதரச அளவைத் தாண்டினால் அது உச்ச இரத்த அழுத்த நிலை எனப் பொதுவாகக் கொள்ளப்படுகிறது. (பாதரசமானிகள் மருத்துவமனைகளிலிருந்து விடைபெற்று வருகின்றன, அளவுக்கு மட்டும் பாதரசத்தின் பெயர் நிலைத்துவிட்டது.) ஆனால் எண் மட்டும் அவசரத்தைத் தீர்மானிப்பதில்லை. மூளை, இருதயம், பெருந்தமனி, சிறுநீரகம், விழித்திரை ஆகிய உறுப்புகளில் ஏதேனும் ஒன்று அந்த அழுத்தத்தால் அப்போதே சேதமுற்று வருகிறதா என்பதே முதற்கேள்வி. சேதம் நடந்துகொண்டிருந்தால் அது உண்மையான அவசரநிலை. தீவிரச் சிகிச்சைப் படுக்கையும், நரம்புவழி ஏற்றும் மருந்தும், நிமிடத்துக்கு நிமிடம் கண்காணிப்பும் தேவை. சேதமின்றி எண் மட்டும் உயர்ந்திருந்தால், அமைதியான இடத்தில் சிறிது நேரம் அமரச் செய்து மீண்டும் அளந்து பார்த்து, வாய்வழி மாத்திரையைத் தொடங்கியோ, நின்றுபோனதை மீட்டோ, சில நாட்களில் மறுபடி வரச்சொல்லி அனுப்பலாம்.

வலி, அச்சம், நிறைந்த சிறுநீர்ப்பை, கைக்குப் பொருந்தாத சிறிய பட்டை ஆகிய எவையும் எண்ணை உயர்த்திக் காட்டும். எண்ணைக் கண்டு அஞ்சி அனைவரையும் படுக்கையில் சேர்த்தால், மெய்யான அவசரத்தோடு வருபவருக்குப் படுக்கை கிடைக்காது. பற்றாக்குறைப் பொருளைத் தேவையின் கடுமைக்கேற்பப் பகிர்ந்தளிப்பது எப்படி என்ற பழைய வினாவே இங்கு மருத்துவ உடையணிந்து நிற்கிறது.

குறைப்பதிலும் ஓர் அளவு

அழுத்தம் அபாயகரமாக உயர்ந்துள்ளது, மருந்து கையில் உள்ளது. உடனே இயல்பு நிலைக்கு இறக்கிவிட வேண்டியதுதானே என்று படித்தவர்களும் கேட்பதுண்டு. அங்கேதான் ஆபத்து இருக்கிறது. மூளையின் இரத்த நாளங்கள், அழுத்தம் ஏறினாலும் இறங்கினாலும் குறிப்பிட்ட எல்லைக்குள் தம் விட்டத்தைச் சுருக்கியும் விரித்தும் மூளைக்குச் செல்லும் இரத்தத்தின் அளவை ஒரே சீராக வைத்துக்கொள்கின்றன. நீண்டகாலமாக உயர் அழுத்தத்தோடு வாழ்ந்தவருக்கு இந்த எல்லையே மேல்நோக்கி நகர்ந்துவிடுகிறது. மற்றவருக்கு இயல்பான அழுத்தம், அவருடைய மூளைக்குப் பட்டினி.

ஓர் எடுத்துக்காட்டால் இது விளங்கும். ஒருவருக்கு அழுத்தம் 240/140 எனக் கொள்வோம். கீழ் அழுத்தத்தோடு இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டில் மூன்றிலொரு பங்கைக் கூட்டினால் சராசரி அழுத்தம் கிடைக்கும். இவருக்கு அது ஏறத்தாழ 173. முதல் ஒரு மணி நேரத்தில் கால் பங்குக்கு மேல் குறைக்கலாகாது என்பது பொது நெறி. அதாவது சராசரியை 130 அளவுக்கு, ஏறக்குறைய 180/105 என்ற நிலைக்கு, கொண்டுவந்தால் போதும். அடுத்த 2 முதல் 6 மணி நேரத்தில் 160/100, பின்னர் ஓரிரு நாட்களில் படிப்படியாக இயல்பு நிலை. மாறாக, இவரை ஒரே மணியில் 120/80 என்ற அளவுக்கு இறக்கினால் சராசரி 93 ஆகிவிடும். இது 46 சதவிகித வீழ்ச்சி. அழுத்தத்தால் வராத பக்கவாதம் சிகிச்சையால் வந்து சேரலாம்.

இந்நெறிக்கு விலக்குகளும் உண்டு. பெருந்தமனியின் உட்சுவர் கிழிந்துவிட்டால் மேல் அழுத்தத்தை விரைந்து 120-க்குக் கீழே கொணர வேண்டும். இரத்தக்கட்டி அடைத்ததால் வரும் பக்கவாதத்தில், கட்டியைக் கரைக்கும் மருந்து தருவதாக இல்லையெனில், 220/120 வரை பொதுவாகக் கைவைப்பதில்லை. கரைக்கும் மருந்து தருவதானால் 185/110-க்குக் கீழ் இருத்தல் வேண்டும். ஆக, ஒரே எண்ணோடு வந்த மூவருக்கு மூன்று விதச் சிகிச்சை. இதனை முடிவுசெய்ய மூளையின் கணினி வருடிப் படம் தேவைப்படும் இடங்களில், அக்கருவி இல்லாத மருத்துவமனையில் உள்ள மருத்துவரின் நிலை எவ்வளவு இக்கட்டானது என்பதை உபகரணக் கொள்முதல் கோப்புகளைக் கையாளும் அலுவலர்கள் எண்ணிப் பார்ப்பது நல்லது.

விரைந்து குறைப்பதன் தீங்கை மருத்துவ உலகம் கற்றுக்கொள்ளப் பல ஆண்டுகள் ஆயின. நிஃபெடிபைன் என்ற மருந்தின் மென்குப்பியைக் கடித்து நாவினடியில் இடும் வழக்கம் ஒரு காலத்தில் உலகெங்கும் பரவியிருந்தது. எளிது, மலிவு, எண் உடனே இறங்கும். நோயாளியின் உறவினரும் நிறைவடைவர். ஆனால் அந்த மருந்து நாவினடியில் அதிகம் உறிஞ்சப்படுவதே இல்லை, விழுங்கப்பட்ட பின்னரே வேலை செய்கிறது என்பதும், எவ்வளவு இறங்கும் என்று முன்கூட்டிச் சொல்ல இயலாது என்பதும், மாரடைப்பும் பக்கவாதமும் நேர்ந்த நிகழ்வுகள் உள்ளன என்பதும் தெரியவந்தன. 1996-ல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் இதழில் வெளியான ஒரு கட்டுரை இவ்வழக்கத்தை நிறுத்திவைக்க வேண்டுமென வாதிட்டது. எளிதில் அளக்கக்கூடிய ஒன்றை இலக்காக வைத்துவிட்டால், அந்த எண் நிறைவேறும், நோக்கம் தவறும். திட்ட ஆய்வில் நாம் அடிக்கடி காணும் குறை மருத்துவத்திலும் இருந்திருக்கிறது.

மருந்தின் விலை, கண்காணிப்பின் விலை

அவசரநிலைக்குப் பயன்படும் நரம்புவழி மருந்துகளில் லேபிட்டலால், நைட்ரோகிளிசரின், சோடியம் நைட்ரோபுரூசைடு ஆகியவை குறிப்பிடத்தக்கவை. இவற்றுள் கடைசியாகச் சொன்னது சில நொடிகளில் வேலை செய்யத் தொடங்கி, நிறுத்திய சில நிமிடங்களில் விலகிவிடும் ஆற்றலுடையது. ஒளி பட்டால் சிதைந்துவிடும் என்பதால் குப்பியையும் குழாயையும் மூடி வைக்க வேண்டும். இதற்குத் தேவைப்படும் கண்காணிப்போ பெரிது: துளித்துளியாக அளவைக் கட்டுப்படுத்தும் கருவி, அழுத்தத்தை இடைவிடாது காட்டும் திரை, அதன் அருகே அகலாத பயிற்சி பெற்ற செவிலியர். மருந்துப் பட்டியலில் ஒரு பெயரைச் சேர்த்துவிட்டால் சிகிச்சை வசதி ஏற்பட்டுவிட்டதாகக் கருதுவது நிர்வாகத்தில் மலிந்துள்ள மயக்கம். இரவு 2 மணிக்கு அந்தச் செவிலியர் இருக்கிறாரா என்பதே உண்மையான கேள்வி.

கருவுற்ற தாய்மார் விஷயத்தில் இது இன்னும் கூர்மையாகிறது. கருவுற்றிருக்கையில் அழுத்தம் 160/110-ஐத் தொட்டாலே அது அவசரம். வலிப்பு வரக்கூடும், தாயும் சேயும் ஒருங்கே ஆபத்துக்குள்ளாவர். வலிப்பைத் தடுக்க மக்னீசியம் சல்பேட் ஊசி உள்ளது. ஆனால் அழுத்தத்தைக் குறைக்க நரம்புவழி மருந்தும் கண்காணிப்பும் இல்லாத மருத்துவமனை என் செய்வது? இக்கேள்விக்கான ஆய்வு நம் நாட்டிலேயே, நாகபுரியின் இரு பொது மருத்துவமனைகளில் நடந்தது. முடிவுகள் 2019-ல் ‘லான்செட்’ இதழில் வெளியாயின. கடுமையான உயர் அழுத்தம் கொண்ட 894 கருவுற்ற பெண்களுக்கு மூன்று வாய்வழி மருந்துகளுள் ஏதேனும் ஒன்று தரப்பட்டது. பாதகமான விளைவு ஏதுமின்றி ஆறு மணி நேரத்தில் அழுத்தம் கட்டுக்குள் வந்தவர்கள், மெதுவாகக் கரையும் நிஃபெடிபைன் பெற்றோரில் 84 சதவிகிதம். லேபிட்டலால் பெற்றோரில் 77. மெத்தில்டோபா பெற்றோரில் 76. மூன்றுமே பயன் தந்தன. விரைந்து கரையும் வடிவில் பழி சுமந்த அதே நிஃபெடிபைன், மெதுவாகக் கரையும் வடிவில் இங்கே முன்னணியில் நிற்பது சுவையானது. வசதி குறைந்த இடத்தில் என்ன செய்யலாம் என்பதை, வசதி குறைந்த இடங்களுக்காகவே ஆராய்ந்து கண்டறிந்த இத்தகைய ஆய்வுகள் இன்னும் பல தேவை.

சர்ப்பகந்தா முதல் மாத்திரை வரை

உயர் அழுத்தத்துக்குச் சிகிச்சை என ஒன்று இருப்பதே அண்மைக்காலச் செய்தி. 1939-ல் அமெரிக்க மருத்துவர்களான கீத், வேகனர், பார்க்கர் ஆகியோர் வெளியிட்ட ஆய்வின்படி, விழித்திரை நரம்பு வீங்கிய கடும் நிலையிலிருந்த நோயாளிகளுள் ஐந்தில் ஒருவரே ஓராண்டு உயிர் வாழ்ந்தார். அமெரிக்கக் குடியரசுத் தலைவர் ரூஸ்வெல்ட் 1945 ஏப்ரல் 12 அன்று மூளையில் இரத்தப்பெருக்கு ஏற்பட்டு மறைந்தார். அன்று அவருடைய அழுத்தம் 300/190 என மருத்துவர் பதிவு செய்திருந்தார். உலகின் வலிமைமிக்க பதவியில் இருந்தவருக்கும் அன்று தரத்தக்க மருந்து இருக்கவில்லை.

இந்தியாவின் பங்கு இங்குதான் வருகிறது. நம் நாட்டு வைத்தியத்தில் நெடுங்காலம் வழங்கிய சர்ப்பகந்தா வேர் அழுத்தத்தைக் குறைக்கும் என்று கல்கத்தாவைச் சேர்ந்த சென், போஸ் ஆகியோர் 1931-ல் எழுதினர். பம்பாயின் இருதய மருத்துவர் ருஸ்தம் ஜால் வக்கீல், தம் நோயாளிகளிடம் அதன் பயனை ஆராய்ந்து 1949-ல் பிரிட்டிஷ் இருதய இதழில் வெளியிட்டார். அதன் பின்னரே உலகம் திரும்பிப் பார்த்தது. 1952-ல் அவ்வேரிலிருந்து ரெசர்பின் பிரித்தெடுக்கப்பட்டது. 1957-ல் வக்கீலுக்கு லாஸ்கர் பரிசு வழங்கப்பட்டது. 1967-ல் அமெரிக்க முன்னாள் படைவீரர் மருத்துவமனைகளில் எட்வர்டு ஃப்ரீஸ் தலைமையில் நடந்த ஆய்வின் முடிவு வெளியாயிற்று. கீழ் அழுத்தம் 115 முதல் 129 வரை இருந்த 143 ஆண்கள் இரு குழுக்களாக்கப்பட்டனர். வெற்று மாத்திரை பெற்ற குழுவில் 27 பேருக்குக் கடுமையான கேடு நேர்ந்தது. மருந்து பெற்ற குழுவில் இருவருக்கு மட்டுமே. அம்மருந்துக் கலவையில் ரெசர்பினும் ஒன்று. அவசரப் பிரிவுக்கு வரும் நோயாளியை, வருமுன்னரே மாத்திரையால் தடுக்க முடியும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

ஒரு வட்டாரத்தின் கணக்கு

2019-21 ஆண்டுகளின் ஐந்தாம் தேசியக் குடும்பநல ஆய்வின்படி, 15 வயதுக்கு மேற்பட்டோரில் பெண்களுள் 21.3 சதவிகிதமும் ஆண்களுள் 24.0 சதவிகிதமும் உயர் அழுத்தம் உடையவர்கள் அல்லது அதற்கு மருந்துண்பவர்கள். ஒரு இலட்சம் மக்கள் வாழும் வட்டாரத்தை எடுத்துக்கொள்வோம். அவர்களில் முக்கால் பங்கினர் 15 வயதைக் கடந்தவர்கள் என்று கொண்டால், ஏறத்தாழ 17,000 பேருக்கு இந்நிலை இருக்கும். நாளுக்கு ஒரு மாத்திரை என்றாலும் ஆண்டுக்கு 62 இலட்சம் மாத்திரைகள். பலருக்கு இரண்டு தேவைப்படும். இந்த எண்ணை மனத்தில் வைத்துக்கொண்டு, உங்கள் வட்டாரத்தின் ஆரம்பச் சுகாதார நிலையங்கள் சென்ற ஆண்டு கேட்டுப்பெற்ற மாத்திரைகளின் எண்ணிக்கையை மாணவர்களும் அலுவலர்களும் ஒருமுறை ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

தேவைப் பட்டியல் தயாரிக்கும் முறையிலேயே ஒரு பொறி உள்ளது. ஒரு நிலையத்தில் 3,000 பேர் பதிவு செய்துள்ளனர் எனக் கருதுக. ஆண்டுத் தேவை 10.95 இலட்சம். சென்ற ஆண்டு வந்த சரக்கு நான்கே மாதத்தில் தீர்ந்துவிட்டது; ஆகவே ‘நுகர்வு’ எனப் பதிவேட்டில் நிற்பது 3.6 இலட்சம். வழக்கப்படி பத்து சதவிகிதம் கூட்டி இவ்வாண்டு 3.96 இலட்சம் கேட்கிறார் மருந்தாளுநர். அது 132 நாட்களுக்குப் போதும். ஆண்டின் எஞ்சிய 233 நாட்கள்? கணக்கில் எவரும் தவறு செய்யவில்லை. தணிக்கையிலும் குறை எழாது. பற்றாக்குறை தன்னையே நியாயப்படுத்திக்கொண்டு ஆண்டுதோறும் தொடர்கிறது. கடந்தகால நுகர்வை விடுத்து, பதிவு செய்த நோயாளிகளின் எண்ணிக்கையைக் கொண்டு தேவையைக் கணித்தாலன்றி இப்பொறியிலிருந்து மீள வழியில்லை.

மாத்திரை நின்றால் என்ன நேரும்? சில நாட்களுக்கு ஒன்றும் நேராது. அதுதான் இந்நோயின் வஞ்சகம். தலைவலி இல்லை, வலி இல்லை. கூலி வேலையை விட்டுப் பேருந்து ஏறி மறுபடியும் இல்லாத மாத்திரைக்காக அலைய நோயாளிக்கு ஏது தூண்டுதல்? அவர் அறியாமையால் நிறுத்தினார் என்று எழுதிவிடுவது நமக்கு எளிது. ஒரு நாள் கூலியையும் பயணச் செலவையும் கூட்டினால், இலவச மாத்திரையின் விலை அவருக்கு இலவசமன்று. குளோனிடின் போன்ற சில மருந்துகளைத் திடீரென நிறுத்தினால் அழுத்தம் முன்னிருந்ததைவிட மேலே துள்ளும் என்பதும் கவனத்திற்குரியது.

செலவை ஏற்பவர் யார்?

நாட்டின் மொத்தச் சுகாதாரச் செலவில் மக்கள் தம் கையிலிருந்து நேரடியாகச் செலுத்தும் பங்கு 2013-14-ல் 64.2 சதவிகிதமாக இருந்து 2021-22-ல் 39.4 சதவிகிதமாகக் குறைந்துள்ளது என்று தேசியச் சுகாதாரக் கணக்குகள் காட்டுகின்றன. முன்னேற்றமே. 2018 செப்டம்பரில் தொடங்கிய பிரதமரின் மக்கள் ஆரோக்கியத் திட்டம் தகுதியுள்ள குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 இலட்சம் ரூபாய் வரை மருத்துவமனைச் சிகிச்சைச் செலவை ஏற்கிறது. 2024 அக்டோபர் முதல் 70 வயது நிரம்பிய அனைவரும் இதில் அடங்குவர். ஆனால் இது உள்நோயாளிக்கான காப்பீடு. சேர்க்கைக்கு முன் 3 நாள், விடுவித்த பின் 15 நாள் வரையிலான மருந்துச் செலவு அதில் அடங்கும். பதினாறாம் நாள் மாத்திரை?

மக்கள் மருந்தகங்களில் பத்து அம்லோடிபைன் மாத்திரைகள் கொண்ட அட்டையின் விலை ஒரு கோப்பைத் தேநீரின் விலையளவே. தீவிரச் சிகிச்சைப் பிரிவில் ஒரே நாளுக்கு ஆகும் செலவு பல ஆண்டு மாத்திரைகளின் விலையை விஞ்சும். பிழைத்தவருக்குச் சிறுநீரகம் பழுதானால் வாரம் இரண்டு மூன்று முறை இரத்தச் சுத்திகரிப்பு. இதற்கெனத் தேசியத் திட்டம் ஒன்றே 2016-ல் அறிவிக்கப்பட வேண்டியதாயிற்று. ஆயினும் ஒரு முரண் உண்டு: அவசரச் சிகிச்சைக்கான செலவு காப்பீட்டுத் தலைப்பிலும், மாத்திரைக்கான செலவு மருந்துக் கொள்முதல் தலைப்பிலும் பதியப்படுகின்றன. இரண்டாவதில் மிச்சம் பிடித்தவருக்குப் பாராட்டு. அதனால் முதலாவதில் ஏறிய செலவு வேறொருவர் மேசையில். இத்தலைப்புகள் ஒரே மேசையில் வைத்துப் பார்க்கப்படாத வரை, சிக்கனம் என்று நாம் கருதுவது செலவை இடம் மாற்றுவதாகவே இருக்கும் என்பது என் கருத்து.

நல்ல முன்மாதிரி இல்லாமலில்லை. 2017 நவம்பரில் தொடங்கிய இந்திய உயர் இரத்த அழுத்தக் கட்டுப்பாட்டு முன்முயற்சி, பஞ்சாப், கேரளம், மத்தியப் பிரதேசம், தெலங்கானா, மகாராஷ்டிரம் ஆகிய மாநிலங்களின் 25 மாவட்டங்களில் முதலில் செயற்பட்டுப் பின் விரிந்தது. அதன் உத்திகளில் புதுமை ஏதும் இல்லை என்பதே அதன் சிறப்பு. மாநிலத்துக்கொரு எளிய சிகிச்சை நெறி, குறைந்த வகை மருந்துகள், அவற்றின் தடையற்ற இருப்பு, மாதந்தோறும் 30 நாள் மாத்திரை, மருத்துவரின் சுமையைப் பகிரும் செவிலியர், வராதவரைத் தேடிக் கண்டுபிடிக்க உதவும் தகவல் பதிவு. சிகிச்சை பெற்றோருள் ஏறத்தாழ பாதிப்பேரின் அழுத்தம் கட்டுக்குள் வந்தது. 2022-ல் ஐக்கிய நாடுகள் அமைப்பின் பணிக்குழு இதற்கு விருதளித்தது. மாத்திரையை வீட்டு வாசலுக்கே கொண்டுசெல்லும் தமிழ்நாட்டின் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம், 2021 ஆகஸ்டில் தொடங்கப்பட்டு, பயணச் செலவு என்னும் மறைமுக விலையை நேரடியாகவே தாக்குகிறது.

பதிவேட்டில் இல்லாத ஒரு கட்டம்

அவசரப் பிரிவின் பணி உயிர்காப்பதோடு முடிந்துவிடுவதாக நாம் கருதிவிடுகிறோம். மூச்சுத் திணறலோடு வந்தவர் நான்காம் நாள் நடந்து வீடு திரும்புகிறார். கையில் ஐந்து நாள் மாத்திரையும், மடித்த ஒரு சீட்டும். அவருடைய ஊரின் துணைச் சுகாதார நிலையத்துக்கு அவர் திரும்பிய செய்தி தெரியாது. அவர் மீண்டும் அதே படுக்கைக்கு வருவதற்கான வாய்ப்பு அந்தச் சீட்டிலேயே மடிந்து கிடக்கிறது.

அலுவல் நிமித்தம் சில மாவட்டங்களின் அவசரப் பிரிவுப் பதிவேடுகளைப் புரட்டியிருக்கிறேன். வந்த நேரம், அழுத்தம், நோயின் பெயர், தரப்பட்ட மருந்து, முடிவு ஆகிய அனைத்துக்கும் கட்டங்கள் உண்டு. ‘உயர் அழுத்தம் இருப்பது முன்பே தெரியுமா? மாத்திரை எப்போது, எதனால் நின்றது?’ என்பதற்குக் கட்டம் இல்லை. சில மருத்துவர்கள் ஓரத்தில் பென்சிலால் எழுதி வைத்திருந்தார்கள்: இருப்பு இல்லை, வேலைக்காக வெளியூர் சென்றார், நலமாக இருந்ததால் நிறுத்தினார். மூன்றும் மூன்று வேறு துறைகள் பதில் சொல்ல வேண்டிய காரணங்கள். முதலாவது மருந்துக் கிடங்கின் பொறுப்பு. இரண்டாவது, ஒரு மாநிலத்தில் பதிந்த நோயாளி மற்றொரு மாநிலத்தில் மாத்திரை பெற வழிசெய்யும் பதிவு முறையின் பொறுப்பு. மூன்றாவது மட்டுமே சுகாதாரக் கல்வி சார்ந்தது. அந்த ஒரு கட்டத்தை அச்சிட்டுச் சேர்த்து, மாதம் ஒருமுறை அதன் நகலை மாவட்ட மருந்துக் கிடங்குக்கும், நோயாளியின் ஊர்ச் சுகாதார நிலையத்துக்கும் அனுப்ப ஆகும் செலவு, காகிதத்தின் விலையும் ஓர் எழுத்தரின் அரை நாளும்தான்.